முதலில் ஒரு தோள்

மார்ச் 3

தம்பிக்கு,

போனில் பேசினால் நமக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன் விலாசத்தைச் சித்தியிடம் வாங்கினேன். பதினொரு மாதமாகக் கூடப்பிறந்தவளுக்குத் தராத விலாசத்தைச் சித்திக்குக் கொடுத்திருக்கிறாய். நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் பதினான்காம் தேதியிலிருந்து ஆறு வாரம் நான் வீட்டில் இருக்க முடியாது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ வர வேண்டும். காரணம் கேட்காதே. ஏழு வருடத்தில் நான் கேட்கும் முதல் லீவு இது. எந்த ஆபீசிலும் இதற்குமேல் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வேறு வழி பார்க்காமல் உன்னிடம் வரவில்லை. சித்திக்கு முழங்கால் வலி. ஏஜென்சியிலிருந்து வந்த பெண்ணை அம்மா மூன்றாம் நாள் கடித்துவிட்டாள். முப்பத்தொரு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள், மருந்து ஊட்ட வந்தவளைக் கடிக்கிறாள். பக்கவாதத்தில் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போனாலும் பல் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

வீடு அப்படியேதான் இருக்கிறது. அதே மூன்றாம் மாடி, அதே ஒற்றை ஜன்னல். அம்மாவின் இடது கையில் அதே ஸ்பூன். கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை, விடாமல் தட்டினால் வா. கடைக்குப் போய் வர எனக்கு இருபது நிமிடம். வெளியே பூட்டிவிட்டு ஓடுகிறேன். இருபத்தொன்றாவது நிமிடத்தில் அந்தச் சத்தம் தெருமுனையிலேயே கேட்கிறது. அவ்வளவு தூரம் கேட்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் கேட்கிறது.

இனி இந்தப் படி ஏறாதே என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், ஆறு வாரத்துக்கு மட்டும்.

நீ இப்போது பொம்மை தைக்கிறாயாமே. சோபா தைக்கிறவனுக்குப் பொம்மை எதற்கு?

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். பிரிக்கவே அரை நாள் ஆனது. ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் உட்கார்ந்து டீ குடித்தேன்.

பொம்மை என்று சித்தி சொன்னது சரிதான், ஆனால் விளையாட்டுப் பொம்மை இல்லை. மருத்துவக் கல்லூரியில் ஒரு பழைய ஹாலை மருத்துவ வரலாற்றுக் காட்சிக்கூடமாக மாற்றுகிறார்கள். அந்தக் காலத்து வைத்தியச் சாமான்களைக் கையாலேயே செய்து வைக்க வேண்டும். கொள்ளை நோய் வைத்தியர்கள் போட்ட மூக்கு நீண்ட தோல் முகமூடி, துணியில் இதயம், ரத்தம் உறிஞ்ச விடும் அட்டைப்பூச்சிகளை வைக்கிற ஜாடிக்கு மூடி, இப்படி. பொறுப்பாக இருப்பவர் உடற்கூறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு புரொபசர் அம்மா. என் சோபாத் தையலைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

இப்போது கையில் இருப்பதுதான் பெரிய வேலை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு மருத்துவச்சி, துணியும் தோலும் பஞ்சும் வைத்து ஒரு பெண்ணின் இடுப்பைச் செய்தாளாம், உள்ளே ஒரு குழந்தையோடு. அதை ஊர் ஊராகத் தூக்கிப்போய் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தாளாம். அதைப் பார்த்து நான் ஒன்று செய்கிறேன். இடுப்பிலிருந்து தொடை வரை. கான்வாஸ், பஞ்சு, உள்ளே கர்ப்பப்பைக்கு மெல்லிய தோல். குழந்தை தனி.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். குழந்தையின் தலை வெளியே வருகிறது, தோளில் நின்றுவிடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் வருவதில்லை. வழியைக் கொஞ்சம் பிரித்துப் பெரிதாக்கட்டுமா என்றேன். புரொபசர் அம்மா, "ஜிப் வைக்க இது சோபா கவர் இல்ல தம்பி"ன்னு சொல்லிவிட்டார். அவர் உடம்பை அறுத்துப் பார்த்தவர், பிரசவம் பார்த்தவர் இல்லை. எங்கே தப்பு என்று அவருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் இருபதாம் தேதி திறப்பு. தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறையில் நானும் அந்த அரை உடம்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அதனால் பதினான்காம் தேதி என்றால் எப்படி, அக்கா? மே மாதம் என்றால் யோசிக்கலாம். வேறு ஏஜென்சி நான் பார்க்கிறேன். அதோடு, தப்பாக நினைக்காதே, அம்மாவைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் ஆம்பிளைப் பிள்ளை செய்கிற காரியமா? அம்மாவுக்கே பிடிக்காது.

தம்பி


மார்ச் 15

சோபாக்காரனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பொம்மைக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு நாலு வரி.

துணியில் செய்த பெண்ணின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் குழந்தையை இழுக்கிறாய். அதற்கு வெட்கம் இல்லை. உன்னைப் பெற்ற வயிற்றைத் துடைக்க மட்டும் ஆம்பிளைப் பிள்ளை ஆகிவிடுகிறாய். நல்ல நியாயம்.

போன வருடம் நடந்ததை நாம் இருவரும் பேசவே இல்லை. இப்போது எழுதிவிடுகிறேன். நீ வந்த மூன்றாம் நாள், பல் டாக்டரிடம் போகிறேன், இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நீ மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாய், வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அம்மா தன் அசுத்தத்திலேயே படுத்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் இருக்கும்"ன்னு சொன்னாய். கடிகாரம் பார்த்துச் சொன்னாய், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கு நான் பல் டாக்டரிடம் போகவில்லை. காரணம் கேட்காதே என்று எழுதினேன். நீயும் மரியாதையாகக் கேட்காமலே விட்டுவிட்டாய். அதனால் நானே சொல்கிறேன். என் கர்ப்பப்பையில் கட்டிகள். ஒன்றரை வருடமாக ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. போன மாதம் கடையில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். பூட்டிய வீட்டுக்குள் அம்மா இருந்தாள், சாவி என் கையில். கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பார்த்தார். நான் எழுந்து ஓடினேன். ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இரண்டு தேதியைத் தள்ளிப் போட்டாகிவிட்டது. இது மூன்றாவது. இதற்குமேல் தள்ளினால் தன்னிடம் வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அம்மா குடத்தைவிடக் கனம்.

நீ அதே சாமானைத்தானே தோலில் தைத்துக்கொண்டிருக்கிறாய். எவ்வளவு கனம் இருக்கும் என்று எழுது. டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கும், வெறும் குழியா? உனக்குத் தெரிந்திருக்கும்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது போட்டுவிட வேண்டும்.

குழி இருக்காது. புரொபசர் அம்மாவிடம் கேட்டேன், யாருக்கு என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் குடல் மெதுவாக நகர்ந்து வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுமாம். சாதாரணமாக அது ஒரு கைப்பிடி அளவுதான், எலுமிச்சம்பழம் ஒன்றிரண்டு கனம் இருக்கும். கட்டி இருந்தால் கூடும். நான் செய்தது பிள்ளை சுமக்கிற அளவு, தலையணை மாதிரி இருக்கிறது. கேட்டுவிட்டு வந்து அதில் ஊசி குத்த முடியவில்லை. அன்றைக்கு முழுதும் நூலைக் கோத்துக் கோத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி. நான் ஓடிப்போகவில்லை. அம்மா தட்டியதும் உள்ளே போனேன், பார்த்தேன், நாற்றம் அடித்தது, அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெளியே வந்தேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. படியிலேயே நின்றேன். ஸ்பூன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. அது கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை நான் உள்ளே போயிருப்பேன். கடிகாரத்தைப் பார்த்தது நீ எப்போது வருவாய் என்று பார்க்கத்தான்.

இப்போது நான் கேட்கப்போவதற்கு நீ என்னைத் திட்டுவாய். திட்டு. ஆனால் உண்மையைச் சொல். ஆறு வாரம் முடிந்தால் நீ திரும்பி வருவாயா? நான் அந்த வீட்டுக்குள் வந்து, கதவு என் பின்னால் சாத்திக்கொண்டால், அது மறுபடி திறக்குமா? எனக்கு நாற்றம் பயமில்லை, வெட்கம்கூட இல்லை என்று நினைக்கிறேன். இதுதான் பயம்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். முதலில் செய்து பார்த்த பொம்மை. பிரசவம் பார்த்தவர் யாரிடமாவது காட்டு என்று புரொபசர் அம்மா சொன்னார். அம்மாவைவிட யார் இருக்கிறார்கள்? மடியில் வைத்துப் பார். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடு.

தம்பி


மார்ச் 28

தம்பி,

பார்சல் வந்தது. வந்த லட்சணத்தைச் சொல்கிறேன். வழியில் எங்கேயோ அட்டைப்பெட்டி கிழிந்து, ஒரு தொடை வெளியே எட்டிப் பார்த்தபடி வந்து சேர்ந்தது. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் படியில் அதைப் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். பஞ்சுதான் சார் என்று நான் பிய்த்துக் காட்டிய பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார். ஏழு வருடத்தில் இந்த மாடிப்படியில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அம்மாவை உட்கார வைத்து மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் தையலையே தடவிக்கொண்டிருந்தாள். உன் தையல் என்று தெரிந்துகொண்டாளோ என்னவோ. பிறகு குழந்தையை உள்ளே திணித்தாள். நான் தலையைப் பிடித்து நேராக இழுத்தேன். நீ சொன்னபடி தோளில் நின்றது. இன்னும் பலமாக இழுத்தேன். மணிக்கட்டில் ஸ்பூனால் ஒரு போடு போட்டாள் பார், இன்னும் சிவந்திருக்கிறது.

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என் கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டாள். தலையை இழுக்கவே இல்லை, கீழ்ப்பக்கமாக அமுக்கினாள். மேலே இருந்த தோள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. உடனே நான் இழுக்கப்போனேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு மெதுவாக மேல்பக்கமாகத் தூக்கினாள். அடுத்த தோளும் வந்தது, மிச்சக் குழந்தை என் மடியில் தொப்பென்று விழுந்தது. உன் பொம்மையில் தப்பு இல்லை. இரண்டு தோளையும் ஒரே நேரத்தில் இழுக்கிறீர்கள், அதுதான் தப்பு. முதலில் ஒரு தோள், அப்புறம் மற்றது. உன் புரொபசரிடம் சொல்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் குழந்தையை விடவில்லை. நாலு தடவை உள்ளே போட்டு நாலு தடவை எடுத்தாள், ஒவ்வொரு தடவையும் என் கையை வலது கையாக வைத்துக்கொண்டு. நான் இவளைத் திருப்புவேன், துடைப்பேன், ஊட்டுவேன். இவளோடு சேர்ந்து ஒரு வேலை செய்து ஏழு வருடம் ஆகிறது.

நீ கேட்டதற்குப் பதில். திட்ட மாட்டேன். ஆமாம், திரும்பி வரக் கூடாது என்று நினைத்திருந்தேன். என்னோடு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தவள் ஒருத்தி வேறு ஊரில் இருக்கிறாள், ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டில்தான் தங்கப்போகிறேன். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறதாம். விண்ணப்பத்தை நிரப்பி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அம்மாவின் மகள் இப்படி நினைக்கலாமா என்று நீ கேட்கலாம். நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த டப்பாவை நகர்த்தும்போதெல்லாம் மூச்சு நன்றாக வருகிறது.

இதைச் சொன்னால் நீ வர மாட்டாய் என்று தெரியும். பொய் சொல்லி வரவழைக்க மனம் வரவில்லை. பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கு நான் இறங்குவேன். சாவி வாத்தியாரிடம் இருக்கும். அவர் கிழவர், அவரால் அம்மாவைத் தூக்க முடியாது.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தோழி போனில் சொன்னதும் அம்மாவிடம் சொன்னேன். ஒரு தட்டு. இரண்டு நிமிடம் கழித்து, யாரும் எதுவும் கேட்காமலே, இன்னொரு தட்டு.

பதினான்காம் தேதி நான் வந்தபோது ஏழு இருபது. பஸ் தாமதம் இல்லை. ஆறே முக்காலுக்கே எதிர்ச் சாரியில் நின்றுகொண்டிருந்தேன். நீ பையோடு இறங்கி, நின்று, மேலே ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் நீ நின்றிருப்பாய். நான் திரும்பிப் போயிருப்பேன். அதனால் கூப்பிடவில்லை.

முதல் நாள் அழுதேன், மறைக்கவில்லை. துணியை மாற்றும்போது அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வெட்கம் என்னுடையது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுக்கு அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டால் வேலை எப்படி நடக்கும்?

மூன்றாம் நாள் ஒரு வழி கிடைத்தது. புரொபசர் அம்மா மீதி வேலையை வீட்டிலேயே வைத்துத் தைத்து அனுப்பச் சொல்லியிருந்தார். காட்சிக்கு அனுப்பியது போக, முதலில் தைத்துப் பார்த்த கொள்ளை நோய் முகமூடி ஒன்று என்னிடமே இருந்தது. நீண்ட தோல் மூக்கு, அதற்குள் வாசனைக்காகக் காய்ந்த பூவும் கிராம்பும் போடுவார்கள். நாற்றம் ஏறாமல் இருக்கத்தான் அந்தக் காலத்திலும் போட்டார்கள். போட்டுக்கொண்டு போய் அம்மா முன்னால் நின்றேன். அம்மா கண்ணைத் திறந்தாள், பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். பாதி வாய் கோணலாக, சத்தமாக, எச்சில் வழியச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் நான் துடைத்து முடித்துவிட்டேன். இப்போது தினமும் அப்படித்தான். வாத்தியார் ஒரு தடவை கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு வணக்கம் சொல்வதோடு சரி.

பொம்மைக்கு நல்ல பெயர். அம்மா செய்து காட்டிய முறையைத் திறப்பு விழாவில் புரொபசர் அம்மாவே செய்து காட்டினாராம்.

இருபது நிமிடக் கணக்கு எனக்கும் பழகிவிட்டது. நேற்று தெருமுனையில் ஸ்பூன் சத்தம் கேட்டது. ஜன்னலில் தெரியும் எதிர்க் கட்டிடத்துப் பால்கனியில் மொத்தம் நாற்பத்தாறு கம்பி. உனக்குத் தெரியாமல் இருக்காது.

தம்பி


மே 27

தம்பி,

நாற்பத்தேழு. ஓரத்தில் ஒன்று வளைந்து சுவரோடு ஒட்டியிருக்கும்.

நேற்றோடு ஆறு வாரம் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். நம் ஊர் பஸ் நின்றது, ஏறுகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டார். பையைக் கீழே வைத்தேன். பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. பிறகு தோழி வீட்டுக்கே நடந்து வந்துவிட்டேன்.

இங்கே என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை உடம்பு தானாக எழுந்து நிற்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூட ஆபீசில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தை நான் எடுத்து வந்திருந்தேன்.

எவ்வளவு நாள் என்று எனக்கே தெரியவில்லை. உனக்குக் கோபம் வரும், வரட்டும். அம்மாவிடம் என்ன சொல்வாய் என்பதைத்தான் நினைக்க முடியவில்லை.

அக்கா


ஜூன் 2

அக்கா,

கோபம் வந்தது. முகமூடியைச் சுவரில் எறிந்தேன், மூக்கு வளைந்துவிட்டது. இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வேலை செய்தேன், அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன்.

"அக்கா இப்போதைக்கு வரல."

ஒரு தட்டு.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

ஒரு தட்டு. அரிசி டப்பா அவள் படுத்திருக்கும் இடத்திலிருந்து நேராகத் தெரியும், அக்கா. அதற்குப் பின்னால் நீ கையை விட்டதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"வரச் சொல்லி எழுதட்டுமா?"

இரண்டு தட்டு. யோசிக்கவே இல்லை. எனக்காகக் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று இருந்தது. அவள் அந்தப் பொம்மைக் குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாள், என்னைக் கேட்டால் என்னைவிட அதன்மேல்தான் பாசம்.

நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதே. காலையில் எழுந்ததும் முதலில் வருவது இன்னும் பயம்தான். உன் ஏழு வருடத்தை நான் ஏழு வாரத்தில் புரிந்துகொண்டேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே வர முடியாது, இழுத்தால் இரண்டு பேரும்தான் சிக்குவோம். அது தெரிகிறது.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்திருப்பாய். சம்மதம்தான். ஒரு தோள் வந்துவிட்டது. நான் அவசரப்பட்டு இழுக்க மாட்டேன். ஆனால் மற்றது இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அக்கா. அதை மறந்துவிடாதே.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு ரொட்டியும் மாத்திரையும் வாங்கி வர வேண்டும். எனக்கு இருபது நிமிடம்தான்.

தம்பி